பின் சீட்டுல காய்ஞ்ச ரொட்டி

என்னங்க,

எழுப்ப மனசு வரல. டிப்போவுக்குப் போறேன், முதல் பஸ் நான்தான் ஓட்டணும்.

"பொண்டாட்டி கூட உக்காந்து சாப்பிடக் கசக்குது, தினம் கடையில விருந்து கேக்குதா"ன்னு நேத்து கத்தினேன். நீங்க போய்ப் படுத்துட்டீங்க. இப்ப ஸ்வெட்டர் எடுக்கக் காரைத் திறந்தேன். பின் சீட்டுல காய்ஞ்ச ரொட்டி, ஜாம் பாட்டில், ஒரு ஸ்பூன். இதுதானா உங்க விருந்து?

திரும்பப் படியேறி வந்து இதை எழுதுறேன். முன்ன மாதிரி மூச்சு வாங்கல. அழுகைதான் வருது.

ஆபரேஷன் பண்ணி இரைப்பையைச் சின்னதாக்கினது எனக்கு. உங்க கன்னம் ஏன் ஒட்டிப்போச்சு? நீங்க என் முன்னாடி சாப்பிட்டா எனக்கு ஆசை வந்துடும்னு பயந்தீங்களாக்கும். அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. ஒரு சின்னக் கிண்ணச் சோத்தைத் தனியா அரை மணி நேரம் சுவத்தைப் பாத்துக்கிட்டு மெல்றதுதாங்க இறங்க மாட்டேங்குது.

ஃப்ரிட்ஜுல கோழி வறுத்து வச்சிருக்கேன். சின்னக் கிண்ணம் என்னுது, சட்டி மொத்தமும் உங்களுது. மதியத்துக்குக் கொஞ்சம் எடுத்துட்டுப் போங்க, மிச்சம் ராத்திரிக்கு.

பஸ் ஸ்டீயரிங் இப்ப வயித்துல இடிக்கிறதில்ல. ஸ்பூன் ஸ்பூனா ஊட்டித் தேத்தின உங்க புண்ணியம். நேத்து அதையெல்லாம் மறந்து பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க.

இன்னொண்ணு. கார் சாவியைத் தேடாதீங்க, என் பையில இருக்கு. இன்னிக்கு வேலைக்கு நடந்தே போயிட்டு வாங்க. ராத்திரி சாப்பாடு மேசையில, எனக்கு எதிர் நாற்காலியில.