எந்தக் கோப்பை வேறு?

பிப்ரவரி 3, டுலூத்

ரொட்டி கருகியது. புகை அலாரம் கத்தித்தான் தெரிந்தது. சளி விட்டு மூன்று வாரமாகிறது, மோப்ப சக்தி மட்டும் திரும்பவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நான் முகர்ந்து தலையாட்டாமல் எங்கள் ஆலையிலிருந்து ஒரு பீப்பாய் பீர்கூட வெளியே போகாது. பதினான்கு வருடமாக அதுதான் என் வேலை. சொல்லிவிட்டால் நான் யார்?

பிப்ரவரி 5

ஆலையில் பீர் காய்ச்சும் ஆர்விட், காபிக்கொட்டை ஊறவைத்துச் செய்த காபி பீர் தயார். தார் மாதிரிக் கறுப்பு. வழக்கம்போல மூன்று கோப்பை வைத்தான்: இரண்டு ஒரே தொட்டி, ஒன்று வேறு. வேறு எது என்று நான் சொல்ல வேண்டும். ‘தெரியாது’ என்ற பதிலுக்கு இந்தச் சோதனையில் இடமே கிடையாது. வாயெல்லாம் கசப்பு. காபி மணம் எங்கே? குருட்டாம்போக்கில் நடுக்கோப்பையைத் தள்ளினேன்.

“இதுல குடைமிளகாய் வாடை. கொட்டைய ரொம்ப நேரம் ஊறப் போட்டுட்டே.”

“அடேயப்பா! உன் மூக்குக்குச் சிலை வைக்கணும்.”

தப்பித்தேன்.

பிப்ரவரி 9

இன்றும் சரியாம். மூக்கு திரும்புகிறதோ? வீட்டில் காபி டப்பாவுக்குள் முகத்தையே விட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

பிப்ரவரி 12

கோப்பையின் அடியில் தொட்டி எண்ணை எழுதுவது ஆர்விட், கழுவுவதும் அவனே. ருசிப்பவர் அடியைப் பார்க்கக் கூடாது. இன்று அவன் பார்லி மால்ட் வந்த லாரியை இறக்கப் போனான், நான் கழுவினேன்.

ஏழு. ஏழு. ஏழு.

மூன்றும் ஒரே பீர்! அதில் ஒன்றைப் பொறுக்கி குடைமிளகாய் என்று பிரசங்கம் வேறு.

ஆர்விட் திரும்பியதும் கோப்பைகளைக் கவிழ்த்துக் காட்டினேன். “எத்தனை நாளா?”

“முதல் நாள்லேர்ந்தே. போன மாசம் காபிக்கொட்டை கருகின நாத்தத்துல நாங்கல்லாம் வெளிய ஓடினோம், வெர்னா. நீ மட்டும் பக்கத்துல நின்னு போன் பேசிட்டிருந்தே.”

“அப்போ வெளிய போன பீரை யாரு சரி பாத்தா?”

“நான்தான்.”

“வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?”

“நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.”

பாவம் பாத்தானாம். என்னைப் பாத்து இவன் பரிதாபப்படுறதா — சீ! அவன் மேலே கோபமா, என் மேலேயா?

பிப்ரவரி 13

சோதனைத் தாளில் விடைக் கட்டத்தின் குறுக்கே எழுதினேன்: தெரியவில்லை.

பிப்ரவரி 20

இனி முகர்வது ஆர்விட். நானே சொன்ன ஏற்பாடுதான், ஆனாலும் எரிகிறது. என் முன்னால் கோப்பையே இல்லை. அவன் மிச்சம் வைத்ததை எடுத்துக் குடித்தேன்.

“கசப்பு போன தடவைய விடக் கொஞ்சம் தூக்கல்.”

அவனும் ஒரு மிடறு குடித்தான். “ஆமா,” என்று எழுதிக்கொண்டான்.

நிஜமாகத்தான் சொல்கிறாயா என்று நான் கேட்கவில்லை.