பிள்ளை வராத ஆயாக்கொட்டகை

14-6-1978, புதன். ரந்தாவ் தோட்டம், மலேசியா.

ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போன பெண்களில் ஒருத்திகூட இன்று நான் பிள்ளை பார்க்கும் ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுப்போகவில்லை. ஏணைகளைக் கட்டி, பாலைக் காய்ச்சி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வேலையாட்களை மேய்க்கும் மண்டோரின் பெண்டாட்டி தூரத்தில் நின்றபடியே, "உனக்கு டிபியாமே! இனிமே பிள்ளைங்கள தொடாதே லா" என்றாள்.

போன மாதம் பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தது என் நெஞ்சைத்தான். முடிவை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

"ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லியாச்சு. உன் புருசன்கிட்ட அப்பவே சொல்லிட்டேன். உனக்கு வேற தனியா சொல்லணுமா?" என்றார்.

பிழைப்பேனா என்று கேட்காமலே திரும்பினேன்.

என் புருசன் இன்று ராத்திரியும் பாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். புழுக்கம் தாங்காமல்தான் வெளியே படுக்கிறார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நேற்றுகூட விசிறியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.