போறேன் என்று எழுதிய வரி

பாய்,

இன்று காலை பரணிலிருந்து அந்தப் பழைய நோட்டை இறக்கினேன். பிரித்ததும் நாலைந்து மிளகு மடியில் உதிர்ந்தன. ஒன்றைக் கடித்தேன்; காரம் அப்படியே இருக்கிறது. உடனே நோட்டை மூடிவிட்டேன். இத்தனை வருடமாக அதைத் தொடாததற்குச் சோம்பல்தான் காரணம் என்று வீட்டில் நினைக்கிறார்கள். பயம் என்று உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

தொண்ணூற்றெட்டில், அடிவாரத்துத் தபால் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, நாவல் எழுதப்போவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். எழுதுவதற்குத்தான் ஒன்றுமில்லை. மலைமேல் செம்மேட்டுச் சந்தைக்கு மிளகு எடுக்கப் போகும் உங்கள் வேனில் லீவு நாளெல்லாம் தொற்றிக்கொண்டேன். சந்தையில் காதில் விழுவதையெல்லாம் நான் நோட்டில் குறிப்பதைப் பார்த்து, யாருக்குத் தந்தி அடிக்கப் போகிறேன் என்று கேட்டுச் சிரிப்பீர்கள்.

நாவல் கிடைத்தது ஒரு கொண்டை ஊசி வளைவில். இறங்கி வரும்போது பனி மூடி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நின்றால் பின்னால் வரும் லாரி இடிக்கும், ஓட்டினால் பள்ளம். என்னை இறங்கி நடக்கச் சொன்னீர்கள்.

"நீங்க முன்னால நடங்க சார். உங்க செவப்புத் துண்டப் பாத்துக்கிட்டே நா பின்னால வாரேன்."

ஓரச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தேன். ஒரு வளைவில் இன்ஜின் சத்தம் நின்றுபோனது. திரும்பினால் வெறும் வெள்ளை. நீங்கள் பள்ளத்தில் போய்விட்டீர்கள் என்றே நினைத்தேன். மறுபடி சத்தம் கேட்பதற்குள், பனிக்குள் காணாமல்போகும் ஒரு மிளகு வியாபாரி என் மனதில் முழுசாக வந்து நின்றுவிட்டான்.

நாவலுக்கான குறிப்புகளையெல்லாம் எழுதி முடித்துக் கடைசி வரியையும் முடிவு செய்தேன். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அந்த வியாபாரி தன் மனைவியிடம், "போறேன்" என்கிறான். செம்மேட்டு டீக்கடையில் அதைப் படித்துக் காட்டியதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"ஊட்டவுட்டுக் கெளம்பறவன் போறேன்னு சொல்லுவானுங்களா? வாரேன்னு மாத்துங்க சார்."

அவன் திரும்பவே மாட்டான், அதற்காகத்தான் அந்தச் சொல் என்று நான் வாதாடினேன். அந்த ஆள் நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. நோட்டை வாங்கிப் போய் ஒரு வாரம் மிளகு மூட்டைமேல் போட்டு வைத்திருந்து திருப்பிக் கொடுத்தீர்கள். கோபத்தில் நான் பிரித்தே பார்க்கவில்லை.

அந்த மாதமே உங்களுக்கு நெஞ்சுவலி. சேலத்துக்குக் கொண்டுபோக ஆம்புலன்சில் ஏற்றினார்கள். என் கையைப் பிடித்துச் சிரித்தபடி, "போறேனுங்க சார்" என்றீர்கள். கிண்டலா, தெரிந்தே சொன்னீர்களா? வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. என் வரிதான் உங்களைக் கொண்டுபோனது என்று அன்றிலிருந்து நம்பினேன். படித்தவன் நம்பக்கூடாதுதான். நம்பினேன்.

மத்தியானம் துணிந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். என்னுடைய "போறேன்" அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே, மூட்டைக்குக் குறி போடும் உங்கள் நீலப் பென்சிலில், கோணல் எழுத்தில், "வாரேன்."

புதுத் தாளில் முதல் அத்தியாயம் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே வெறும் வெள்ளை. பயமாகத்தான் இருக்கிறது, பாய். முன்னால் நடக்கிறேன்.