ரங்கன் சைக்கிளில் கோணல் வைத்தவன் நான்

அன்பு ரங்கா,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இதை அழுகைக் கடிதம் என்று நினைக்காதே, எனக்கு அது வராது. உன் சைக்கிளின் சத்தம் நின்றுவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சூரமங்கலத்தில் நம் பட்டறை ஆட்கள் எல்லாரும் படிக்கட்டும் என்று மடிக்காமல் எழுதுகிறேன்.

மூன்று ஓட்டை வண்டிகளைப் பிரித்து நீ ஒன்றாகக் கட்டிய சைக்கிள் அது. பிரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், செயினுக்கு ஓய்வே இல்லை. அது கரகரத்தால் வழி முழுக்கக் கரகரப்புதான். நீ பட்டறை வாசலுக்கு வருமுன்பே "அரவை மில்லு வந்திருச்சுடா" என்று கத்துவார்கள். அந்தப் பேரை வைத்தவன் நான்.

"மாப்ளே, நீ பெடலோட நடு அச்சைக் கழட்டி மாட்டுன பொறவுதான் இந்தச் சத்தம். செயின் கோடு சேரலைடா" என்றாய் ஒருநாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இரண்டு வருஷம் தொழிற்பள்ளியில் படித்தவன் மாட்டியதில் தப்பா? "தறிக்காரன் மகன் கண்ணுக்கு இரும்பு புரியாது, போடா" என்றேன், அத்தனை பேர் முன்னாலும். நீ சிரித்தாய். ஏன் சிரித்தாய்? திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்த வாரமே காய்ச்சலில் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

போன ஞாயிறு அம்மாப்பேட்டையில் உன் வீட்டுக்குப் போனேன். உன் அப்பா சைக்கிளை வெளியே எடுத்து வைத்திருந்தார்.

"ஓட்டிப் பாத்தேன் சாமி, தெருவே திரும்பிப் பாக்குது. ரங்கன் செஞ்ச லட்சணம் இதுதானான்னு சிரிக்கறாங்க. யுத்தத்துல இரும்புக்கு ரொம்பக் கிராக்கியாம். எடைக்குப் போட்டுரலாமா?"

"ஒரு வாரம் பொறுங்க. சத்தம் நிக்கலீன்னா நானே கொண்டுபோய்ப் போடறேன்" என்று சொல்லிவிட்டேன்.

யுத்த காலத்தில் செயின் எங்கே கிடைக்கிறது? அலைந்து ஒன்று வாங்கி மாட்டினேன். சத்தம் குறையவில்லை. இறுக்கினேன், கூடியது. இன்று காலை உன் வீட்டு வாசலில் ஸ்பேனரை வீசி எறிந்தேன்.

உன் தங்கை சரசு தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஏனுங்ணா, ஸ்பேனர் என்ன பாவம் பண்ணுச்சு?"

பிறகு ஒரு நீள நூலோடு வந்து உட்கார்ந்தாள். "எங்கண்ணன் எதுக்கும் முதல்ல நூல் புடிச்சுத்தான் பாக்கும். அந்த முனையைப் புடிங்க. இறுக்கிப் புடிங்ணா! காலைல சோறு திங்கலியா?"

பெடலோடு சுற்றும் பெரிய பல்சக்கரத்தின் முன்விளிம்பில் அவள் நூலைப் பிடித்தாள். நான் பின்சக்கரத்தின் சின்னப் பல்சக்கரம் வரை இழுத்தேன். கோடு நேராக இருந்தால் நூல் இரண்டையும் ஒட்டிப் படிய வேண்டும். படியவில்லை. பெரிய சக்கரத்தின் பின்விளிம்பில் ஒரு நெல் நுழைகிற இடைவெளி. பெரிய சக்கரம் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது, செயின் கோணலாக ஓடிப் பல்லில் உரசுகிறது.

அச்சைக் கழற்றியதுமே காரணம் தெரிந்தது. அதன் ஒரு முனை நீளம், மறுமுனை குட்டை. நீள முனை செயின் பக்கம் வர வேண்டும். நான் மாற்றி மாட்டியிருக்கிறேன். படித்த நான்தான்.

திருப்பிப் போட்டேன். செயினில் கொஞ்சம் தொய்வு விட்டேன். மத்தியானம் ஓமலூர் வரை மிதித்தேன். சரளைக் கல்லில் டயர் ஓடுகிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை. வழியில் ஒரு வண்டிக்காரர் திட்டினார்: "ஏனுங்க, பெல்லாச்சும் அடிக்கக் கூடாதுங்களா? பூனையாட்டம் வாரீங்க, மாடு மிரளுது!" இறங்கி அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் உன் அப்பா தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு வந்தார். சீலை மூட்டையை எடுத்துவந்து கேரியரில் வைத்துக் கட்டினார். "நாளைக்குச் சந்தைக்கு இதுலயே போயிட்டு வாரேன்" என்றார்.

உன் வேலையில் குறை இல்லை ரங்கா. மூன்று குப்பையிலிருந்து இப்படி ஒரு வண்டி கட்ட நம் பட்டறையில் வேறு யாருக்கும் கை வராது. எனக்கும் வராது. உன் பக்கத்தில் நின்று வேலை செய்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அவ்வளவு பெருமை.

நாளை காலை வேலைக்குச் சங்கு ஊதுவதற்கு முன் இந்தக் கடிதத்தைப் பட்டறை வாசல் பலகையில் ஒட்டுவேன். ஒட்டிவிட்டு நழுவ மாட்டேன். கடைசி ஆள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். சிரிக்கிறவன் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

சரசுவுக்கு இன்னொரு அண்ணன்,
முத்துசாமி