சூடானால் நிற்கும் வண்டி

என் அன்பு அண்ணா,

உன் புல்லட் மறுபடி ஓடுகிறது. உடனே சந்தோஷப்படாதே, முழுவதும் கேள்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தபோது அதன் ஹேண்டில்பார் கோணிக்கொண்டு, பின்சக்கரம் நசுங்கிக் கிடந்தது. ஸ்டெல்லா அண்ணி அதன் பக்கம் திரும்பக்கூட மாட்டேன் என்றுவிட்டார். மந்தைவெளி ஃப்ளாட்டின் பார்க்கிங்கில் ஒரு மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தோம். பல மாதம் அப்படியே கிடந்தது. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்தத் தார்ப்பாயை ரோஸ்லின் எடுத்துவிட்டாள். உன் மகள் அல்லவா, யாரைக் கேட்கப்போகிறாள்? மெக்கானிக் பாபுவிடம் தானே தள்ளிக்கொண்டு போய், சக்கரம் மாற்றி, பெயின்ட் அடித்து, ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது என்று எங்களுக்குக் காட்டினாள். சத்தம் கேட்டு அண்ணி பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

உன் வருஷப் பூசை முடிந்ததும் உன் புல்லட் நண்பர்கள் எல்லாரும் ஈ.சி.ஆர். கடற்கரை ரோட்டில் மாமல்லபுரம் வரை போய்வருவதாக ஏற்பாடு. உன் வண்டிதான் முன்னால் போக வேண்டும், ரோஸ்லின்தான் ஓட்ட வேண்டும் என்று உன் கூட்டாளி ஜோ சொன்னாராம். அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

பூசைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என்னை வேலையிலிருந்து கூட்டிப்போக ஈக்காட்டுத்தாங்கலுக்கு வண்டியோடு வந்தாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், கேட்டால்தானே. கிண்டி நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து வந்தோம். கோட்டூர்புரம் பாலம் ஏறுகிற இடத்தில், சுவிட்சை அணைத்த மாதிரி இன்ஜின் நின்றது. இருமல் இல்லை, திணறல் இல்லை. சட்டென்று நின்றது.

எந்தப் பாலம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"பயப்படாத அத்தை, பிளக்குதான்" என்றாள் ரோஸ்லின். பையிலிருந்து பிளக் ஸ்பேனரையும் புது ஸ்பார்க் பிளக்கையும் எடுத்தாள். வண்டியை ஓரமாக நிறுத்தி, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, சூடான பிளக்கைக் கைக்குட்டையால் பிடித்துக் கழற்றினாள். எல்லாம் நீ செய்வது மாதிரியே. பின்னால் பஸ்ஸும் ஆட்டோவும் அவள் முதுகை உரசிக்கொண்டு போயின. புதுப் பிளக் போட்டு உதைத்தாள், வண்டி ஓடியது. திரும்பிப் பார்த்துச் சிரித்தாள் பார், எனக்கு அறைய வேண்டும் போல இருந்தது.

உன்னைத் தூக்கியவர்கள் சொன்னது நினைவுக்கு வந்தது. டெம்போ இடித்த பிறகும் உன் கையில் பிளக் ஸ்பேனர் இருந்ததாம்.

மறுநாள் பாபுவிடம் போனேன். நிழலில், ஆறிப்போய் நின்ற வண்டியை ஒரு உதை உதைத்தார். படபடவென்று ஓடியது.

"இன்னாக்கா பிராப்ளம்? நல்லா தான கீது?"

"சூடானா நிக்குதுப்பா."

"பிளக் மாத்தினா ஓடுதா இல்லியா?"

"ஓடுது."

"அப்பால இன்னா? பிளக்குதான். இந்த வண்டி பிளக் தின்னும்க்கா. அண்ணனுக்கே தெரியும்."

அண்ணனுக்குத் தெரியும் என்பதுதான் எல்லாருக்கும் வேதவாக்கு. கோபத்தோடு வீட்டுக்கு வந்து உன் டூல்ஸ் அலமாரியைத் திறந்தேன். என்றைக்காவது சுத்தம் செய்து போடலாம் என்று நீ கழற்றிய பழைய பிளக்குகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாய் இல்லையா? டப்பா நிறைந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வயரில் மாட்டி, இன்ஜின் மேல் படுகிற மாதிரி வைத்து, ரோஸ்லினை உதைக்கச் சொன்னேன். அவள் உதைக்க உதைக்க நீலப் பொறி டக்டக்கென்று தெறித்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. டப்பாவில் கெட்ட பிளக் ஒன்றுகூட இல்லை அண்ணா. இத்தனை வருஷம் நீ எதைத்தான் மாற்றிக்கொண்டிருந்தாய்?

அந்த சனிக்கிழமை மத்தியானம் பார்க்கிங்கிலேயே வண்டியை ஸ்டார்ட் செய்து, நிற்கும்வரை ஓடவிட்டேன். வாட்ச்மேன் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். இன்ஜின் தொட முடியாமல் சுட்டபோது, பாலத்தில் நின்ற மாதிரியே நின்றது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், உதைத்தால் பொறியே இல்லை. ரோஸ்லின் புதுப் பிளக்கை நீட்டினாள்.

"வேணாம். இதையே போடு. மேல போய் டீ போட்டு எடுத்துட்டு வா."

"டீயா? இன்னா அத்தை விளையாடுறியா?"

"சொன்னதைச் செய்டி."

வண்டிப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு பேரும் டீ குடித்தோம். வண்டியை யாரும் தொடவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளை உதைக்கச் சொன்னேன். அதே பிளக். வண்டி ஓடியது.

ரோஸ்லின் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. பிறகு சாவியைத் திருப்பி அணைத்தாள்.

கணக்கு வாத்தியாரே, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்தாயே, இந்த ஒரு கணக்கு உனக்கு ஏன் பிடிபடவில்லை? வண்டியை ஓட வைத்தது பிளக் இல்லை. பிளக் மாற்றுகிற நேரத்தில் வேறு ஏதோ ஒன்று ஆறிக்கொண்டிருந்தது.

அது என்னவென்று எனக்குச் சந்தேகம் இருந்தது. நான் வேலையில் யு.பி.எஸ். பெட்டிகளோடு மல்லுக்கட்டுகிறவள். ஆறியிருக்கும்போது ஒழுங்காக வேலை செய்துவிட்டு, சூடேறினால் காலை வாருகிற, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டன்சர்களைத் தினமும் பார்க்கிறேன். உன் வண்டியில், பிளக்குக்கு மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புகிற பாயிண்ட்டுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவுக்கு அப்படி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மேலே போய் அண்ணியிடம் ஹேர் டிரையர் கேட்டேன். "எதுக்கு பிலோ?" என்றார். சும்மாதான் என்று சொல்லி வாங்கிவந்தேன்.

ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மூடியைக் கழற்றிவிட்டு, கண்டன்சர் மேல் மட்டும் சூடான காற்றை அடித்தேன். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு செத்தது. டிரையரை எடுத்துவிட்டுக் காத்திருந்தோம், மறுபடி ஓடியது. அந்த அற்பச் சாமானை ஸ்குரூ டிரைவரால் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இதற்காகவா?

பாபுவிடம் புதுசு வாங்கிப் போட்டோம். அத்தோடு விட்டிருக்கலாம், ஆனால் என் புத்தி கேட்கவில்லை. அதன் மேலும் டிரையரைப் பிடித்தேன். அட்டைப்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த புதுசு, அதுவும் நின்றது. புதுசே இப்படியென்றால், இதே சாமான் இன்னும் எத்தனை பேர் வண்டியில் உட்கார்ந்திருக்கிறதோ? அடுத்ததாக வாங்கியது எவ்வளவு சூட்டுக்கும் அசையவில்லை. ஆனாலும் ரோஸ்லினைக் கூப்பிட்டு, இந்த வண்டி வேண்டாம், பூசைக்குப் பிறகு காரில் போகலாம் என்றேன்.

"நான் ஓட்டுவேன் அத்தை. நீ வேணும்னா பின்னாடி ஏறிக்க."

ஏறிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

இன்று காலை பூசை நன்றாக நடந்தது. சாமியார் உன் பெயரைச் சொன்னபோது அண்ணி அழவில்லை, நான்தான் அழுதேன். அப்புறம் கிளம்பினோம். உன் வண்டி முன்னால், மற்றவர்கள் பின்னால். வெயில் ஏற ஏற எனக்கு இன்ஜின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் ரோஸ்லினின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். திருவான்மியூர் தாண்டியது, நீலாங்கரை தாண்டியது, உன் வண்டி நிற்கவில்லை.

உத்தண்டி தாண்டியதும் நின்றது ஜோவின் வண்டி.

எல்லாரும் ஓரம் கட்டினோம். ஜோ தார் ரோட்டின் விளிம்பிலேயே ஸ்டாண்டு போட்டு, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்தார். ஸ்பேனர் வெளியே வந்தது. மற்றவர்கள் அவரைச் சுற்றி வளைத்து நின்றார்கள். அத்தனை முதுகும் ரோட்டைப் பார்த்துத்தான். "மச்சி, ஸ்பேர் கீதா?" என்று ஒருவர் கேட்க, மூன்று பாக்கெட்டிலிருந்து மூன்று பிளக் வந்தது. உன் சிஷ்யகோடிகள்! பாண்டிச்சேரி பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே போன வேகத்தில் என் புடவைத் தலைப்பு பறந்தது. அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ரோஸ்லின் போய் ஜோவின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள்.

"எழுந்திருங்க அங்கிள்."

"ஒரு நிமிசம் பாப்பா, பிளக்கு..."

"எழுந்திருங்கன்னு சொல்றேன்ல!"

அவரை இழுத்துக்கொண்டு போய் ரோட்டை விட்டுத் தள்ளி மணலில் நிறுத்தினாள். எல்லாரையும் அங்கே விரட்டினாள். வண்டியை மட்டும் தள்ளி உள்ளே கொண்டுவரச் சொன்னாள். "யாரும் எதையும் தொடாதீங்க. சும்மா நில்லுங்க." வெயிலில் நின்றோம். வண்டிகள் விர்விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமலே மூடினார்.

"இப்ப ஒதைங்க அங்கிள்."

ஜோ உதைத்தார். வண்டி ஓடியது.

யாரும் கைதட்டவில்லை. ஜோ தன் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார், பிறகு ரோஸ்லினைப் பார்த்தார். அவர் வாய் கோணிக்கொண்டு போனது.

"அப்போ அன்னிக்கு பாலத்துல... அவன் சும்மா ஓரமா நின்னிருந்தாலே..."

"ஆமா அங்கிள்" என்றாள் ரோஸ்லின்.

அண்ணி இதை என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது அண்ணா? ஹேர் டிரையரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் கேட்கவில்லை. கேட்பார்.

உன் நண்பர்கள் நாளைக்கும் இதே வண்டிகளில்தான் வேலைக்குப் போவார்கள். அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவர்கள் ஒவ்வொருவர் வண்டியையும் நானும் உன் மகளும் சூடாக்கிப் பார்ப்போம், திட்டினாலும் கேட்காமல் பார்ப்போம். அதற்குள் எந்த வண்டி எந்தப் பாலத்தில் நிற்குமோ தெரியாது. ஆனால் என் கண்ணெதிரே இனி ஒருவரையும் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார விடமாட்டேன்.

உன்னை இன்னும் திட்டித் தீராத தங்கை,
பிலோ