கடைசிக் காட்சியில் வாசலுக்குப் போகிறவர்

அப்பா,

இன்று சாயங்காலம் கரண்டு வந்ததும் வாசலில் புது கிறிஸ்துமஸ் ஸ்டார் எரிந்தது. கொஞ்ச நேரத்தில், பல்பின் சூட்டில் காகிதமும் பசையும் லேசாகக் கருகுகிற அந்த வாசனை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நீங்கள் இல்லாமல் வருகிற முதல் கிறிஸ்துமஸ் இது. அம்மாவைத் தனியாக விடக்கூடாதென்று சிதம்பரத்திலிருந்து நேற்றே வந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று நீங்கள் கழற்றி மாட்டிய கோடு போட்ட சட்டை, கதவுக்குப் பக்கத்து ஆணியில் அப்படியே தொங்குகிறது. அதைத் தொட அம்மா யாரையும் விடுவதில்லை.

கிறிஸ்துமஸ் என்றால் மற்ற வீடுகளில் கேக்கும் புதுத்துணியும். நம் வீட்டில் அதோடு மூன்று படம். பாண்டிச்சேரி நடைபாதைக் கடையில் நீங்கள் பொறுக்கிக்கொண்டு வந்த பழைய இங்கிலீஷ் பட சிடிகள், மூன்றும் கறுப்பு வெள்ளை. பெயர்கள் வாயில் நுழையாததால் நாமே பெயர் வைத்தோம். தபால்காரர் படம், குதிரைப் படம், பனிப் படம். பரிசு மூட்டையைத் தொலைத்துவிட்டுத் தபால்காரர் அலைவதைப் பார்த்து நீங்கள் வயிறு குலுங்கச் சிரிப்பீர்கள். குதிரையைச் சர்ச்சுக்குள் ஒளித்துவைக்கும் பிள்ளைகளைப் பார்த்து அம்மா சிரிப்பாள். பிரியாணி சாப்பிட்டு, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, பொழுது சாயும் நேரத்தில் பனிப் படம். வீட்டைவிட்டுப் போன மகன் கிறிஸ்துமஸ் அன்று திரும்பி வருவதுதான் கதை. பாதிப் படம் பனியில் நடந்துகொண்டே இருப்பான்.

"இவ்ளோ பனியில துணிய தொவச்சா எப்பதான் காயும்?" என்று அம்மா வருஷம் தவறாமல் கேட்பாள்.

"படத்தப் பாரு. துணிய அவுங்க பாத்துப்பாங்க" என்பீர்கள். அப்படிச் சொல்லிவிட்டு, பிரியாணி மயக்கத்தில் நீங்களே தூங்கிப்போவீர்கள். அந்தப் படத்தின் முடிவை நீங்கள் பார்த்ததே இல்லை.

அண்ணன் போகும் வரைக்கும் அது வெறும் படமாகத்தான் இருந்தது. குடிகாட்டுப் பக்கம் நீங்கள் வேலை பார்த்த கம்பெனியிலேயே, யார் யாரையோ கேட்டு அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தீர்கள். சில மாதத்திலேயே, எனக்கு இது ஒத்துவராது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றான். "என் மூஞ்சில கரியப் பூசிட்ட. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்றீர்கள். கோபத்தில் எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடுவான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். வாழ்க்கையில் அவன் உங்கள் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். பூனாவிலிருந்து அம்மாவுக்கு இரண்டு முறை போன் செய்தான். பிறகு அந்த நம்பரும் இல்லாமல் போனது.

அந்த வருஷமும் பனிப் படத்தை நீங்களேதான் போட்டீர்கள். தூங்கவில்லை. மகன் தெருமுனைக்கு வந்து, வீட்டு ஜன்னலில் வெளிச்சத்தைப் பார்க்கிற இடம் வந்தது. சட்டென்று எழுந்தீர்கள்.

"ஸ்டார் எரியுதான்னு பாத்துட்டு வரேன்."

ஸ்டார் எரிவது உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். நான் எட்டிப் பார்த்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாப் இருக்கும் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நாங்கள் டிவியை அணைத்த பிறகுதான் உள்ளே வந்தீர்கள். "எரியுது" என்றீர்கள்.

அதற்கப்புறம் எல்லா வருஷமும் அப்படித்தான். நம் முதுநகரில் எல்லாரும் புதுவருஷம் முடிந்ததும் ஸ்டாரைக் கழற்றிவிடுவார்கள். நம் வீட்டில் பொங்கல் தாண்டியும் தொங்கும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், "இருக்கட்டும், இப்ப இன்னா?" என்பீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் கூட வந்திருக்கிறது. வாயைத் திறந்து ஒரு தடவை அவன் பெயரைச் சொன்னால்தான் என்ன என்று.

போன கிறிஸ்துமஸுக்குச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது என்றார்கள். களைத்துப்போன அம்மாவை என் வீட்டில் படுக்கச் சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரரின் லேப்டாப்பை எடுத்துவந்து உங்கள் கட்டிலில் வைத்துப் பனிப் படம் போட்டேன். தெருமுனை வந்தது. வழக்கம்போல எழுந்திருக்கக் கையை ஊன்றினீர்கள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. உடம்பும் கேட்கவில்லை.

"நிறுத்தட்டுமாப்பா?"

"ஓடட்டும்."

மகன் கதவைத் தட்டினான். பெரியவர் திறந்தார்.

"அந்தப் பெரியவர் இன்னா சொல்றாரு?" என்று கேட்டீர்கள்.

"ஒண்ணும் சொல்லலப்பா. நனைஞ்ச கோட்ட வாங்கி ஆணியில மாட்டுறாரு."

"அப்புறம்?"

"அவ்ளோதான். ரெண்டு பேரும் சாப்பிட ஒக்காருறாங்க."

படம் முடிந்து பெயர்கள் ஓடின. நீங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அவ்ளோதானா" என்றீர்கள். "அவன் வந்தா இன்னா பேசுறது, எப்புடி ஆரம்பிக்கிறதுன்னு இத்தினி வருஷமா யோசிச்சிட்டு இருந்தேன் பாப்பா. ஒண்ணுமே பேச வேணாம் போல."

உங்கள் கண்ணை நான்தான் துடைத்தேன். வீட்டுக்குப் போனதும் பூனாவுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கணும் என்றீர்கள். வீட்டுக்கு ஆம்புலன்ஸில்தான் வந்தீர்கள், எங்களோடு பேசாமல். உங்களை அடக்கம் செய்த மறுநாளே புயல் வந்து ஊரைப் புரட்டிப் போட்டது. ஸ்டார் எங்கே போய் விழுந்ததோ தெரியாது. பல நாள் கரண்டும் இல்லை. அந்த இருட்டில் அண்ணன் வந்திருந்தால் நம் வீட்டைக் கண்டுபிடிக்காமல் திரும்பிப் போயிருப்பானே என்று நினைத்து நினைத்து அழுதேன். பைத்தியக்காரத்தனம்தான், பிறந்த வீட்டுக்கு யாராவது வழி மறப்பார்களா? பிறகு என் வீட்டுக்காரர் பூனா வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தார். ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் இல்லை என்பதே அவனுக்குத் தெரியாது.

இன்று அம்மாவும் நானும் பனிப் படம் போட்டோம். தெருமுனை வந்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"ஸ்டார் எரியுதான்னு பாத்துட்டு வரேம்மா."

சொன்ன பிறகுதான் அது உங்கள் வார்த்தை என்று எனக்கு உறைத்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அம்மா தாங்கமாட்டாள் என்று இதுவரை சொல்லாமல் வைத்திருந்த ஆஸ்பத்திரிப் பேச்சை, வாசலில் நின்றபடியே அவளிடம் சொல்லிவிட்டேன். நனைந்த கோட்டு, ஆணி, ஒண்ணுமே பேச வேணாம் போல, எல்லாவற்றையும்.

அம்மா எழுந்து வந்து ஆணியிலிருந்த உங்கள் சட்டையை எடுத்தாள். முகத்தில் ஒருமுறை வைத்துக்கொண்டாள். மெதுவாக மடித்து என்னிடம் கொடுத்தாள்.

"ஆணி காலியா இருக்கட்டும்" என்றாள். "அவன் வந்தா மாட்டணும்ல."

சட்டை இப்போது என் மடியில் இருக்கிறது, அப்பா. ஸ்டார் எரிகிறது. பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.