முதல் பனியில் ஒரு கம்பளம்

கிஸில்ஜார்,
ஏப்ரல் 14, 2001

அன்பு குல்யாஷுக்கு,

நலம்தானே? பாலைவனத்துக் காற்று உன் தொண்டையைப் பாடாய்ப் படுத்தவில்லையே?

நேற்று எசில் ஆற்றின் பனி உடைந்தது. உறைந்து கிடந்ததெல்லாம் பாளம் பாளமாகப் பிளந்து நகர ஆரம்பித்தபோதும் பனிமேல் உட்கார்ந்து மீன்பிடிக்கிற கிழவர்கள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒருவரைக் கயிறு போட்டுத்தான் இழுத்தார்கள். கரைக்கு வந்தவர் நன்றி சொல்வார் என்று பார்த்தால், "என் மீன் பைய எவன்டா எடுத்துட்டு வருவான், உங்கப்பனா?" என்று கத்தினார். அந்த முகத்தைக் காமிராவில் பிடித்துவிட்டேன். படத்தை இதனுடன் வைத்திருக்கிறேன்.

வசந்தம் முடிந்தது என்று வைத்துக்கொள். இன்னும் மூன்று பருவங்கள். நம் ஊரின் ஒரு வருடம் முழுக்க ஒரே படப் புத்தகத்தில். எல்லாம் உன் சம்பளத்தில் என்று அச்சகத்திலேயே சொல்லிவிட்டேன், பெருமையாகத்தான் சொன்னேன்.

உன் ஜன்னல் செடிகள் நன்றாக இருக்கின்றன. எதிர்வீட்டு வெனேரா சாவி வாங்கிப்போய்த் தண்ணீர் ஊற்றுகிறாள். நான்தான் கேட்டேன், எனக்கு மறந்துபோகிறது.

உன்,
தல்காத்

*

எண்ணெய்க் கிணற்று முகாம், மங்கிஸ்தாவ்,
மே 20

அன்பு தல்காத்,

கடிதமும் கிழவரும் வந்து சேர்ந்தார்கள். நீ கேட்டாயே, தொண்டை பரவாயில்லை, முதுகுதான் போய்விட்டது. இருநூறு ஆண்களுக்கு மூன்று வேளை சமைக்கிறோம். இவர்கள் சாப்பிடுவதைப் பார்த்தால் எண்ணெய் எடுக்க வந்தவர்களா, எண்ணெயில் பொரித்த பவுர்சாக் தின்ன வந்தவர்களா என்று சந்தேகமாக இருக்கும். இங்கே பருவம் ஒன்றே ஒன்றுதான்: மணல்.

உன் படத்தைச் சமையலறைப் பெண்களுக்குக் காட்டினேன். "மாமா படம் எங்கக்கா? ஊரான் படமா அனுப்பியிருக்காரே!" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். இருபது வருடமாக ஊரில் ஒருவரை விடாமல் எடுத்திருக்கிறாய். டிராலி பஸ் டிக்கெட்காரி, பால் விற்கிறவள், கல்லறையில் குழி வெட்டுகிறவன் வரைக்கும். என்னை எடுத்த படம் ஒன்று சொல், பார்ப்போம். பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது கணக்கில் வராது. கோபம் இல்லை, கேட்கிறேன்.

வெனேராவிடம் நன்றி சொன்னதாகச் சொல். செடிக்குத் தண்ணீர் போதும், மற்ற வேலைக்கெல்லாம் அவளைக் கஷ்டப்படுத்தாதே.

அன்புடன்,
குல்யாஷ்

*

கிஸில்ஜார்,
செப்டம்பர் 9

அன்பு குல்யாஷ்,

பதில் எழுதத் தாமதம். கோடை முழுக்கத் தெருவில்தான் இருந்தேன். பாப்ளர் மரத்துப் பஞ்சு பறந்ததில் பாதிப் படங்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டே எடுத்தவை.

போன வாரம் உருளைக்கிழங்கு தோண்டினோம். நான் ஒருவனாக என்ன செய்வேன், வெனேராவும் வந்தாள். நான் பத்துச் செடி தோண்டுவதற்குள் அவள் வரிசையையே முடித்துவிட்டாள். "காமிராவக் கீழ வச்சிட்டு மண்வெட்டிய எடுங்க, கிழங்கு தானா எந்திரிச்சு வந்து போட்டோவுக்கு நிக்காது" என்று ஒரே திட்டு. கிழங்கு மூட்டையெல்லாம் நிலவறையில் இறக்கியாயிற்று, கவலைப்படாதே.

உன்னைப் படம் எடுக்கவில்லை என்கிறாய். நீ வீட்டில் இருக்கிறவள், குல்யாஷ். நினைத்தபோது எடுக்கலாம் என்று இருந்துவிட்டேன். ஆற்றின் பனிப்பாளம் அப்படியா, அன்றைக்கு விட்டால் போயிற்று.

இலையுதிர் காலமும் தொடங்கிவிட்டது. இனி பனிதான் பாக்கி.

உன்,
தல்காத்

*

மங்கிஸ்தாவ்,
அக்டோபர் 12

அன்பு தல்காத்,

வீட்டில் இருக்கிறவள் எழுதுகிறேன், வீட்டிலிருந்து மூன்று நாள் ரயில் தூரத்தில். உன் நியாயத்தைப் படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

குளிர்காலத்துக்கும் இங்கேயே இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அச்சுச் செலவு அப்போதுதான் கட்டுப்படியாகும். புத்தாண்டுக்கு வீட்டில் இருப்பேன் என்று நினைத்திருந்தேன், போகட்டும். அதற்குப் பதிலாக எனக்கு ஒரு படம் வேண்டும். முதல் பனி விழுந்த காலை, நம் அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றம், பெண்கள் எல்லாரும் கம்பளத்தைப் பனியில் விரித்து அடிக்கும் காட்சி. அந்தச் சத்தத்தைப் படத்தில் எடுக்க முடியாதுதான். ஆனால் தூசி படிந்த கறுப்புச் சதுரங்கள் பனியில் தெரியும் அல்லவா, அது போதும்.

நம் கம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அம்மா சீராகக் கொடுத்த சிவப்புக் கம்பளம், நீ உன் படம் கழுவுகிற மருந்தைக் கொட்டி ஒரு மூலையை வெளுக்க வைத்தது. அதை இந்த வருடம் நீயே இறக்கி அடி. முற்றமே சிரித்தாலும் பரவாயில்லை. முடியாவிட்டால் தூசியோடு கிடக்கட்டும், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அதைப் பனிக்கு இறக்க வேண்டியவள் வீட்டுக்காரி, வேறொருத்தி இறக்கினால் வீடே தன்னுடையது என்று சொல்கிற மாதிரி. நமக்குக் கல்யாணமான வருடம் உன் அக்கா உதவி செய்கிறேன் பேர்வழி என்று என் கம்பளத்தை இறக்கிவிட்டாள். அம்மா ஒரு வருடம் அவள் முகத்தில் விழிக்கவில்லை. மறந்திருக்க மாட்டாய்.

அன்புடன்,
குல்யாஷ்

*

கிஸில்ஜார்,
நவம்பர் 19

என் அன்பு குல்யாஷ்,

உறையைப் பார்த்துப் பிரி, மடங்கிவிடப் போகிறது. நீ கேட்ட படம்!

வெள்ளிக்கிழமை இரவெல்லாம் கொட்டியது. காலையில் கண் விழித்தால் முற்றத்தில் அடி விழுகிற சத்தம். கோட்டைக்கூட ஒழுங்காகப் போடாமல் இறங்கி ஓடினேன். இந்த ஒரு வருடத்தில், இல்லை, இந்த இருபது வருடத்தில் நான் எடுத்த படங்களில் இதுதான் படம். சூரியன் எதிரே, தூசி புகை மாதிரி எழும்புகிறது. நடுவில் நிற்கிறவளின் ஓங்கிய கையைப் பார். சிரிக்கிற வாயைப் பார். அச்சகத்தில் பார்த்ததும் அட்டைக்கு இதுதான் என்று சொல்லிவிட்டார்கள். நீ கேட்காமல் இருந்திருந்தால் தூங்கியிருப்பேன், இந்தப் படம் உன்னுடையது.

சீக்கிரம் பதில் போடு. உனக்குப் பிடித்ததா என்று தெரிய வேண்டும்.

உன்,
தல்காத்

*

மங்கிஸ்தாவ்,
டிசம்பர் 8

மதிப்பிற்குரிய தல்காத் அவர்களுக்கு,

படம் மடங்காமல் வந்து சேர்ந்தது. பிடித்ததா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல படம். நீங்கள் பொய் சொல்லத் தெரியாதவர் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். பொய்யை இவ்வளவு துல்லியமாகப் படம் எடுக்கத் தெரிந்தவர் என்று இப்போதுதான் தெரிந்தது.

நடுவில் நிற்கிற வெனேராவின் கையைப் பார்க்கச் சொன்னீர்கள், பார்த்தேன். காலடியில் கிடக்கும் கம்பளத்தையும் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு தெரியாது, ஆனால் உங்கள் மருந்து கொட்டி வெளுத்த மூலை நன்றாகத் தெரிகிறது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். சுற்றி நிற்கிற பெண்களில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அவர்களுக்கு இது பழகிப்போய் எத்தனை மாதமோ. மூன்றாம் மாடி ராபிகா மட்டும் சிரிக்காமல் காமிராவைப் பார்க்கிறாள். அவள் என்னைத்தான் பார்க்கிறாள்.

உதவிக்கு வந்தாள், உங்களுக்கு முதுகுவலி, அது இது என்று எழுத வேண்டாம். கிழங்கு தோண்டினாள், சரி. செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், சரி. முற்றம் பார்க்க இன்னொருத்தி கம்பளத்தை நம் ஊரில் எந்தப் பெண்ணும் உதவிக்காக இறக்க மாட்டாள். அது உங்களுக்கும் தெரியும், அவளுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் சிரிக்கிறாள்.

எனக்கு வயிறு எரிகிறது, தல்காத். அதை மறைத்து எழுதத் தெரியவில்லை. புத்தாண்டைக்கூட உங்கள் புத்தகத்துக்காக விட்டுக்கொடுத்தேனே என்று எரிகிறது.

இனி அச்சகத்துக்குப் பணம் வராது. கம்பளத்தை அனுப்ப வேண்டாம், அவளே வைத்துக்கொள்ளட்டும். அவள் அடித்த கம்பளத்தில் நான் கால் வைக்க மாட்டேன். விவாகரத்துப் பத்திரங்களில் கையெழுத்து வேண்டுமென்றால் இந்த முகவரிக்கு அனுப்புங்கள், நான் ஊருக்கு வரமாட்டேன்.

படத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. சமையலறைச் சுவரில் ஒட்டினேன். பெண்கள் கூடிவிட்டார்கள்.

"எந்த ஊருக்கா இது?"

"எங்க ஊர்தான். எங்க முற்றம்."

"நடுவுல நிக்கிறாங்களே, எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க! யாருக்கா அது?"

"அந்தக் கம்பளத்தோட வீட்டுக்காரி" என்றேன்.

இப்படிக்கு,
குல்யாஷ்